ஊசிக்கழிப் பற்றின் விருந்தாளி

பூங்கோதை ஊசிக்கழியில் வந்து இறங்கினாள் என்று சொல்ல முடியாது, விழுந்தாள். படகுக்கும் துறைக்கும் நடுவில் போட்டிருந்த பலகை ஈரமாக இருந்தது. நெய்தலம் நாட்டின் எல்லை வரையறைத் துறை அதிகாரி, அரசு முத்திரை போட்ட பெட்டியோடு இடுப்பளவு சேற்றுத் தண்ணீரில் நின்றாள். பெட்டி நனையவில்லை. அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தாள். பதினான்கு வருடம் அரசாங்க உத்தியோகம் பார்த்தவர்களுக்கு இது தானாக வந்துவிடும்.

அவளைக் கரையேற்றியது கமலாட்சி. ஊரின் நடுவே கிடக்கும் உப்பங்கழியின் இரண்டு கரைக்கும் நடுவே இயந்திரப் படகு ஓட்டுகிறவள். ஐம்பது வயது இருக்கும். ஆள்தான் ஒல்லி, பிடி உடும்புப் பிடி. அதிகாரியை ஒரே இழுப்பில் மேலே கொண்டுவந்து, வீட்டுக்குக் கூட்டிப்போய், உலர்ந்த சேலை கொடுத்து, காலில் அப்பியிருந்த சேற்றைத் தானே கழுவிவிட்டு, சுடச்சுடச் சோறும் நண்டுக் குழம்பும் போட்டாள்.

சாப்பிட உட்காரும் முன் பூங்கோதை தன் மணிக்கட்டில் இருந்த நன்றிக் காப்பைக் கமலாட்சியின் காப்புக்கு அருகே கொண்டுபோய் மூன்று முறை அழுத்தினாள். கரையேற்றியதற்கு ஒன்று, சேலைக்கு ஒன்று, சோற்றுக்கு ஒன்று. மூன்று முறையும் பச்சை விளக்கு எரிந்து அணைந்தது.

கமலாட்சியின் முகம் ஒரு கணம் சுருங்கிப்போனது. பிறகு அவளே சிரித்துவிட்டாள்.

"பட்டணத்துக்காரங்க, விருந்தாளி வேற. பரவால்ல, அழுத்திக்கோங்க."

இதில் பரவாயில்லை என்று சொல்ல என்ன இருக்கிறது என்று பூங்கோதைக்குப் புரியவில்லை. அவளுடைய ஊரான ஆழிமுகத்தில், அதுதான் தலைநகரம், காப்பை அழுத்தாமல் ஒருவன் வீட்டிலிருந்து அலுவலகம் போய்ச் சேர முடியாது. லிஃப்ட் கதவைப் பிடித்து நின்றவருக்கு ஒன்று, மணி சொன்னவருக்கு ஒன்று, பேருந்தில் நகர்ந்து உட்கார்ந்தவருக்கு ஒன்று. அழுத்தாதவனை வளர்ப்பு சரியில்லாதவன் என்பார்கள்.

காரணம் இருக்கிறது. நெய்தலத்தில் நான்கு மாகாணங்கள், முப்பத்தொரு மாவட்டங்கள், அவற்றுக்குள் வட்டங்கள். இவை மூன்றும் பெயர்ப் பலகைக்கும் தேர்தலுக்கும்தான். வட்டத்துக்குக் கீழே கடைசிப் பிரிவாகப் பற்று என்று ஒன்று உண்டு. மனிதர்களின் பாடு முழுவதும் அதில்தான். குடிநீர், பள்ளிக்கூடம், மருத்துவ நிலையம், அவசரப் படகு எல்லாம் பற்றுக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுப்பார்கள். ஒரு பற்றின் மருத்துவ நிலையத்தில் அடுத்த பற்றுக்காரன் போய்ப் படுக்க முடியாது.

முன்பு இந்த எல்லைகளை மந்திரிகள் பென்சிலால் போட்டார்கள். ஒரு மந்திரியின் மாமனார் தோப்புக்காக ஒரு மாவட்ட எல்லை மூன்று மைல் வளைந்து போன கதையெல்லாம் உண்டு. அந்தப் பென்சில் கோடுகளில் ஒன்று பூங்கோதையின் தெரு வழியாகப் போயிற்று. அவளுக்குப் பதினோரு வயதில் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசலில் சாய்ந்தார். எதிர்ச் சாரியில் ஆஸ்பத்திரி. அது வேறு மாவட்டம், வேறு பற்று. வாயிற்காவலன் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோதே அப்பா போய்விட்டார்.

அதற்கு நான்கு வருடம் கழித்துத்தான் வரைவி வந்தது. அது ஓர் இயந்திரம். அதற்கு மாமனாரும் இல்லை, சாதியும் இல்லை. யாருக்கு யார் உதவினார்கள் என்பதை மட்டும் பார்க்கும். உதவி பெற்றவர் காப்பை அழுத்தினால் அது பதிவாகும். ஒருவருக்கொருவர் ஒத்தாசையாக இருப்பவர்கள் ஒரு பற்று. நன்றி மெலிந்துபோன இடத்தில் கோடு. மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதிதாக வரையும். அது வரைந்த முதல் வரைபடத்தில் பூங்கோதையின் தெருவில் இருந்த கோடு மறைந்தது. செய்தித்தாளில் வந்த அந்தப் படத்தைப் பதினைந்து வயதுப் பெண் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்த நன்றிதான் அவளை இந்த வேலைக்கே கொண்டுவந்தது.

சாப்பிட்டு முடித்ததும் பெட்டியைத் திறந்து வரைபடத்தை விரித்தாள். கமலாட்சியின் கணவர் வேதமுத்துவும் வந்து உட்கார்ந்தார். பெரிய உடம்பு வற்றிப்போன மாதிரி இருந்தார். கையில் ஊசி குத்திய தடங்கள்.

"வரைவி போட்டிருக்குற உத்தேசக் கோடு இது. வடக்குக் கரை சங்குத்திடல் ஒரு பற்று. இந்தத் தெற்குக் கரை புன்னைத்திடல் கொடிமுனைப் பற்றோட சேருது. ஏழு நாள் இங்க இருந்து சரிபார்த்து நான் கையெழுத்துப் போடணும்" என்றாள் பூங்கோதை.

கமலாட்சி வரைபடத்தைப் பார்க்கவில்லை. கணவனைப் பார்த்தாள்.

"கழிக்கு நடுவுலயா?"

"ஆமா."

"மருத்துவ நிலையம் அந்தக் கரையில இருக்கேம்மா."

மெதுவாகத்தான் விஷயம் வெளியே வந்தது. வேதமுத்துவின் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்வதில்லை. திங்கள், புதன், சனி மூன்று நாளும் சங்குத்திடல் நிலையத்தில் ரத்தம் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். கழியைக் கடக்கப் பத்து நிமிடம். கொடிமுனைக்குக் கடல் வழியே மூன்று மணி நேரம். ஐப்பசியில் தொடங்கும் காற்றுக் காலம் நான்கு மாதமும் அந்தப் பக்கம் படகே போகாது.

"அப்ப ஐப்பசி வரைக்கும்தான் நான்" என்று வேதமுத்து சாதாரணமாகச் சொன்னார். கமலாட்சி எழுந்து உள்ளே போய்விட்டாள்.

பூங்கோதைக்குச் சங்கடமாக இருந்தது. ஆனால் அவள் வரைவியை நம்புகிறவள்.

"அண்ணே, இயந்திரம் ஓரவஞ்சனை பண்ணாது. ரெண்டு கரையிலயும் சேர்த்து எழுநூறு பேர் இருக்கீங்க. மூணு வருஷத்துல இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நடுவுல மொத்தமே பதினோரு நன்றிதான் பதிவாயிருக்கு."

வேதமுத்து நிமிர்ந்தார். "பதினொண்ணா? அவ்வளவு ஆயிருச்சா?"

அவர் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். பங்குப் படகு விற்றபோது பீட்டரும் மாடசாமியும் அழுத்திக்கொண்டது இரண்டு. சங்குத்திடலில் கட்டிக்கொடுத்த பெண் தீர்த்துக்கொண்டு வந்தபோது இரு வீட்டாரும் அழுத்தியது நான்கு. மச்சான் தன் மகன் காதுகுத்துக்கு அழைக்கவில்லை என்று செல்லத்துரை அழுத்தியது ஒன்று. மீதி நான்கும் ஒரே குடும்பத்துப் பாகப்பிரிவினை.

"எல்லாம் சண்டைங்க. இங்க சும்மா யாரும் அழுத்த மாட்டாங்க. அழுத்திட்டா, 'நீ செஞ்சதுக்குப் பதில் செஞ்சாச்சு, இனி உனக்கும் எனக்கும் ஒண்ணுமில்ல'ன்னு அர்த்தம்."

பூங்கோதை வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கழியின் மேல் வரைவி பாசம் என்று கண்டது மொத்தமும் முறிவு.

அடுத்த நான்கு நாளும் அவள் இரண்டு கரைக்கும் போய் வந்தாள். பார்த்ததை எல்லாம் எழுதினால் நோட்டுப் புத்தகம் போதாது. கமலாட்சியின் படகு நாளுக்கு நாற்பது நடை போகிறது. யாரும் கூலி கேட்டதோ கொடுத்ததோ இல்லை, அவரவர் எரிபொருள் டப்பாவில் கொஞ்சம் ஊற்றிவிட்டு இறங்கிப் போகிறார்கள். வடகரைப் பெண்கள் வேலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளைத் தென்கரையில் விட்டுவிட்டுப் போகிறார்கள். குழம்புச் சட்டி இந்தக் கரையிலிருந்து போனால் அந்தக் கரையிலிருந்து காலியாக வராது. அவித்த கிழங்காவது, நாலு முட்டையாவது இருக்கும். இவ்வளவும் நடந்த இடத்தில் வரைவியின் படம் வெறும் நீலமாக இருந்தது.

அவள் மட்டும் அழுத்திக்கொண்டே இருந்தாள். பழக்க தோஷம். குடிக்கத் தண்ணீர் கொடுத்தவருக்கு, வழி காட்டியவருக்கு, குடை பிடித்தவருக்கு. "விருந்தாளிதானே" என்று அவர்களும் பொறுத்துக்கொண்டார்கள்.

ஐந்தாம் நாள் ஆழிமுகத்தில் இருந்த மேலதிகாரி திருமேனியைத் தொலைபேசியில் பிடித்தாள்.

"சார், இங்க கோடு தப்பு. இவங்க ஒருத்தரை விட்டு ஒருத்தர் இருக்க மாட்டாங்க. நான் கண்ணால பார்த்தேன்."

"நீ பார்த்தது செல்லாதும்மா. அதிகாரி பார்த்தேன்னு எழுதினதை நம்பித்தானே பழைய காலத்துல அத்தனை கோணல் கோடும் வந்துச்சு?"

"கேமரா இருக்கே சார், படகு எத்தனை தடவை போகுதுன்னு..."

"யார் எங்க போறான்னு அரசாங்கம் பார்க்கக் கூடாது. அதுவும் சட்டம். நல்ல சட்டம். ஜனங்க தாங்களா அழுத்தினா மட்டும்தான் எண்ணலாம். அழுத்தச் சொல்லு, முடிஞ்சது விஷயம்."

"அழுத்த மாட்டேங்கறாங்க சார்."

"ஏன்?"

"ரொம்ப வேண்டியவங்க. அதனால."

"அறிக்கை எழுது. சட்டத்தை மாத்தப் பத்து வருஷம் ஆகும்னு வச்சுக்கோ" என்றார் திருமேனி.

ரிசீவரை வைத்த பிறகுதான் அவளுக்கு அந்த நினைப்பு வந்தது. பதினான்கு வருடத்தில் எத்தனை கோட்டுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள்? அவற்றில் எத்தனை இடத்தில் இப்படி ஒட்டி உறவாடுகிறவர்கள் இருந்தார்களோ? எதிர்ச் சாரியில் எத்தனை பேர் அடையாள அட்டையோடு நின்றார்களோ? எழுந்து படகுத் துறைக்குப் போனாள்.

அன்று புதன். வேதமுத்து நிலையத்தில் படுத்திருந்தார். பக்கத்தில் நர்ஸ் ஜைனம்பு. இருபது வருடமாக அந்த நிலையத்தில் இருப்பவள். குழாய்களைச் சரிபார்த்தபடியே அவரைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

"உப்பு தின்னாதேன்னு சொன்னா கருவாடு தின்னுட்டு வந்துருக்கீரே, அண்ணே. உம்ம நாக்கை அறுத்துக் கழியில போட்டா என்ன?"

பூங்கோதை விஷயத்தைச் சொன்னாள். நர்ஸின் கை நின்றது. அவள் யோசித்தது கொஞ்ச நேரம்தான்.

"அம்புட்டுத்தானே? அண்ணே, எனக்கு அழுத்தும். நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன். உசிர் பெருசா, இது பெருசா? முதல்ல நீரு அழுத்தும். உம்மப் பார்த்து ஊரே அழுத்தும்."

அவளே தன் காப்பை அவர் கைக்குப் பக்கத்தில் நீட்டினாள். வேதமுத்து விரலைத் தூக்கினார். அவள் முகத்தைப் பார்த்தார். நினைச்சுக்க மாட்டேன் என்று சொன்னவளின் உதடு கோணிக்கொண்டு போயிற்று. பல்லைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை. இருபது வருடமாகக் குத்திய ஊசிக்கும், போட்ட கஞ்சிக்கும், திட்டிய திட்டுக்கும் ஒரு பச்சை விளக்கு எரிந்து அணையப் போகிறது.

அவர் கையை இறக்கிக்கொண்டார்.

"வேணாம் புள்ள. ஐப்பசி வரைக்கும் உன் திட்டைக் கேட்டுட்டுப் போறேன்."

ஜைனம்பு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போனாள். ஊரில் மற்றவர்களைக் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. சாகப்போகிறவரே அழுத்தாதபோது யார் அழுத்துவார்கள்?

ஏழாம் நாள் காலை பூங்கோதை கையெழுத்துப் போட உட்கார்ந்தாள். படிவத்தோடு அந்த வாரத்தின் புதிய பதிவுகளும் திரையில் வந்தன. நீலமாக இருந்த கழியின் இரு பக்கமும் சில பச்சைப் புள்ளிகள். யார் அழுத்தியது என்று பார்த்தாள். எல்லாம் அவளே. தண்ணீர், குடை, வழி, சேலை.

அவள் மறுபடியும் திருமேனியைக் கூப்பிட்டாள்.

"சார், ரெண்டு கரைக்கும் நடுவுல நேரா நன்றி இல்ல. ஆனா ஒரே ஆள் ரெண்டு கரையிலயும் நன்றி பதிஞ்சிருந்தா?"

"பிணைப்பாளர்னு பேரு. வாரத்துக்குக் கரைக்குப் பத்துப் பதிவு இருந்தா வரைவி ரெண்டையும் ஒண்ணாத்தான் எடுத்துக்கும். ஒரு வாரம் தவறினாலும் அறுந்துடும். ஆனா அந்த ஆள் அங்கேயே குடியிருக்கணும். வந்து போறவங்க பதிவைக் கோடு போட எடுத்துக்க மாட்டாங்க." திருமேனி கெட்டிக்காரர், அத்தோடு அவருக்கு விளங்கிவிட்டது. "ஏம்மா, பைத்தியமா உனக்கு? அங்க குடியிருந்தா நீ அந்தப் பற்றுக்கு அதிகாரியா இருக்க முடியாது. வேலையை விடணும். ஆழிமுகத்து வீட்டை ஒப்படைக்கணும்."

"தெரியும் சார்."

"யாருக்காக? ஏழு நாள் முன்னாடி அவங்க யாருன்னே உனக்குத் தெரியாது."

எதிர்ச் சாரியில் நின்ற ஒரு மனிதருக்கு யாரும் கதவு திறக்கவில்லை. இங்கே கதவு தன் கையில் இருக்கிறது, அவ்வளவுதான். தியாகம் என்றெல்லாம் தோன்றவில்லை. யாருக்கோ செலுத்த வேண்டியிருந்த நன்றியைச் செலுத்த ஓர் இடம் கிடைத்ததே என்று நெஞ்சு நிறைந்திருந்தது.

"எனக்கு இந்த ஊர் நண்டுக் குழம்பு பிடிச்சிருக்கு சார்" என்றாள்.

வடகரையில் பதினான்கு பதிவு இருந்தது. தென்கரையில் ஆறுதான். ஏழு நாள் கெடு முடியும் மாலைக்குள் இன்னும் நான்கு வேண்டும். குடியிருப்பு மாற்றப் படிவத்தை அனுப்பிவிட்டு அவள் தென்கரைத் தெருவில் இறங்கி, வலியப் போய் உதவி கேட்டாள். ஒரு வீட்டில் ஊசியில் நூல் கோர்த்துத் தரச் சொன்னாள். ஒரு வீட்டில் முள் எடுக்கச் சொன்னாள். காலில் முள் இல்லை. ஒருவரைப் பெட்டி தூக்கச் சொன்னாள். கடைசி ஒன்றுக்கு ஒன்றும் தோன்றாமல் வேதமுத்துவிடம் போய், "அண்ணே, நான் தங்குறதுக்கு ஒரு இடம் பாருங்க" என்றாள்.

மாலை வரைவியின் படத்தில் கழியின் நடுவே இருந்த கோடு மறைந்தது. ஊசிக்கழி ஒரே பற்று. வேறோர் அதிகாரி தொலைவிலிருந்தே கையெழுத்துப் போட்டார். கமலாட்சி அடுப்படியில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதாள். பூங்கோதைக்கு நன்றி என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. அதன் அருமை அவளுக்கு அப்போதே தெரிந்தது.

நண்டுக் குஞ்சுப் பண்ணையில் எழுத்தர் வேலை கிடைத்தது. வேதமுத்து பார்த்துக் கொடுத்த ஒற்றை அறையில் வாழ்க்கை. ஐப்பசி வந்தது, காற்று அடித்தது, வேதமுத்து பத்து நிமிடத்தில் கழியைக் கடந்து போய் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு திரும்பினார். கருவாடும் தின்றார்.

ஆனால் ஒன்றை யாரும் யோசிக்கவில்லை. பற்று ஒன்றாக இருக்க வேண்டுமென்றால் பூங்கோதை வாரம் இருபது முறை அழுத்த வேண்டும். அழுத்துகிறவள் வேற்று ஆள். விருந்தாளிக்குத்தான் அந்த உரிமை. அதனால் அவள் விருந்தாளியாகவே இருக்க வேண்டியிருந்தது. எந்த வீட்டுக்குப் போனாலும் நாற்காலி இழுத்துப் போட்டார்கள். தனித் தட்டு, மீனின் நடுத்துண்டு, "வாங்க, போங்க." கல்யாண வீடுகளில் முதல் பந்தி. அடுப்படிக்குள் விடமாட்டார்கள். அவள் உப்பைக் கொட்டினாலும் ஒருவரும் திட்டமாட்டார்கள். ஜைனம்பு வேதமுத்துவைத் திட்டுவதை நிலையத்து வாசலில் நின்று பூங்கோதை ஆசையாகக் கேட்டுக்கொண்டிருப்பாள். அவளைப் பார்த்ததும் நர்ஸின் குரல் தணிந்துவிடும். "உக்காருங்கம்மா, டீ சாப்பிடுறீங்களா?"

ஊருக்கு எல்லாம் தெரியும். தெரிந்தே விலக்கி வைத்தார்கள். அவளை உள்ளே இழுத்துவிட்டால் அவளால் அழுத்த முடியாமல் போய்விடும் என்று அவர்களுக்குப் பயம். இப்படி இரண்டு வருடம் ஓடியது.

இரண்டாம் வருடம் மாசியில் பூங்கோதைக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் நினைவு தப்பித் தப்பி வந்தது. கமலாட்சி படகை வேறொருவரிடம் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டாள். உடம்பு துடைத்தாள், வாந்தி அள்ளினாள், கஞ்சியைக் கரண்டி கரண்டியாக ஊட்டினாள். ஜைனம்பு வேலை முடித்து வந்து ஊசி போட்டுவிட்டுப் போனாள்.

அன்று ஞாயிறு, மதியத்தோடு பதிவு வாரம் முடிகிறது. தென்கரைக்கு மூன்று பதிவு குறைந்தது.

"அம்மா, கொஞ்சம் கண்ணைத் திறங்க. அழுத்திருங்க. மூணே மூணு" என்றாள் கமலாட்சி.

பூங்கோதை தலையை அசைத்தாள். காய்ச்சலில் வாய் குழறியது.

"மாட்டேன்க்கா. உனக்குப் போய் எப்படி அழுத்துவேன்? என் வாந்தியை அள்ளினியே. மாட்டேன்."

அவள் கமலாட்சியை நீ என்று சொன்னது அதுதான் முதல் முறை. வெயில் சன்னல் கம்பியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது. நேரமில்லை. கமலாட்சி பூங்கோதையின் விரலைத் தானே எடுத்து, அவளுடைய காப்பில் வைத்து, தன் காப்போடு சேர்த்து மூன்று முறை அழுத்தினாள். பச்சை எரிந்தது, அணைந்தது, எரிந்தது, அணைந்தது, எரிந்தது, அணைந்தது. கண்ணீர் மூக்கு நுனியில் சொட்டிக்கொண்டிருந்தது. அதைத் துடைக்கக் கை ஒழியவில்லை.

வேதமுத்து இளநீரோடு வாசலில் நின்று இதைப் பார்த்தார். இளநீரை வாசலிலேயே வைத்துவிட்டுப் போனார்.

எட்டு நாள் கழித்து, ஒரு திங்கட்கிழமை, பூங்கோதையின் ரத்தத்தைச் சோதிக்கக் கமலாட்சி அவளை நிலையத்துக்குக் கூட்டிவந்தாள். நடக்கும் அளவுக்குத் தேறியிருந்தாள். வேதமுத்துவுக்கு அன்றைய சிகிச்சை முடிந்திருந்தது. ஜைனம்பு குழாயைக் கழற்றிக் கட்டுப் போட்டாள். அவர் எழுந்து உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்து, காப்பை நெருக்கி அழுத்தினார்.

பச்சை விளக்கு எரிந்தது.

ஜைனம்புவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "அண்ணே, என்ன கோவம்? நான் என்ன செஞ்சேன்?"

"கோவமெல்லாம் இல்ல. இன்னையிலேர்ந்து இந்தப் பற்றுக்கு நான்தான் விருந்தாளி. இந்தக் கரைக்குப் பத்து, அந்தக் கரைக்குப் பத்து. நான் இங்க குடியிருக்குறவன்தானே? என் பதிவு செல்லும்ல?"

அவர் பூங்கோதை பக்கம் திரும்பவில்லை, ஜைனம்புவிடமே சொன்னார். "ரெண்டு வருஷமா அந்தப் புள்ள ஊருக்குள்ள இருந்தும் வெளியிலயே நிக்குது. எனக்காகத்தான் நிக்குது. நான் படுத்துக்கிட்டு உன் திட்டை வாங்கிச் சுகமா இருக்கேன். இதுக்கு மேல முடியாது. மிச்சக் காலத்துக்கு வெளியில நான் நிக்குறேன். நான் போனப்புறம் வேற யாராச்சும் நிக்கட்டும், முறை வச்சுக்கோங்க."

பிறகு மனைவியின் கையை இழுத்தார். கமலாட்சி கையை விடுவித்துக்கொள்ளப் பார்த்தாள், அப்புறம் விட்டுவிட்டாள். அங்கும் பச்சை எரிந்தது. இருபத்தெட்டு வருடக் குடும்பத்தில் முதல் நன்றி.

"அண்ணே, வேணாம். எனக்குப் பழகிருச்சு, நானே அழுத்திக்கிறேன்" என்று பூங்கோதை முன்னால் வந்தாள்.

வேதமுத்து காப்புக் கையைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

"கிட்ட வராதே. ஊரெல்லாம் அழுத்துவேன், உனக்கு மட்டும் அழுத்த மாட்டேன். நீ என்னை உசிரோட வச்சிருக்கே. உனக்கு அழுத்துற அளவுக்கு நான் இன்னும் கெட்டுப்போகல, புள்ள."

பூங்கோதை அழுதாள். அப்பா போன நாளுக்குப் பிறகு இப்படி அழுததில்லை. இது அந்த அழுகை இல்லை. யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல், சொல்லவும் கூடாது என்று தெரிந்து, அந்த நன்றி முழுவதும் கண்ணில் வந்தது.

ஜைனம்பு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மூலையில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்து, முந்தானையால் தட்டி, வேதமுத்துவுக்கு முன்னால் போட்டாள். குரலை மரியாதையாகத் தணித்துக்கொண்டாள்.

"வாங்க. உக்காருங்க."

அவர் போய் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார், முதல் தடவை வந்த வீட்டில் உட்காருவது போல.

கமலாட்சி கணவனைப் பார்த்தாள். பிறகு பூங்கோதை பக்கம் திரும்பி இடுப்பில் கை வைத்தாள்.

"ஏண்டி, என்னடி பார்த்துக்கிட்டே நிக்குற? வீட்டுக்கு விருந்தாளி வந்துருக்காரு. ஓடு, குடிக்கத் தண்ணி கொண்டா."